நாணயம் விழாத எஞ்சின்



என் பெரிய தாத்தா குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் துரையின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர். யுத்தத்துக்கு முந்திய காலம் அது. காலையில் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தவுடன் அவர் ஒரு காரியம் செய்வாராம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அதன் மூடியின் மேல் பத்துக் காசு வெள்ளி நாணயம் ஒன்றை விளிம்பில் நிறுத்திப் பார்ப்பாராம். ஒரு காசு செப்பு நாணயத்தை ஏன் வைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்நாளில் நம் நாட்டில் வழங்கிய ஒரு காசு சதுர வடிவமானது. சதுரக் காசை நிறுத்துவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? வட்டக் காசு நிற்கவேண்டும்; அதுதான் பரீட்சை. அவருடைய காசு ஒரு நாளும் நின்றதில்லை. "நம்ம வண்டி நல்ல வண்டிதான். ஆனா ராஜா வண்டி இல்லே" என்று சொல்லிவிட்டுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாராம்.

இந்தக் காசு வித்தை அவர் கண்டுபிடித்ததல்ல. ரோல்ஸ் ராய்ஸ் காரை விற்க வந்தவர்கள், ஓடுகின்ற எஞ்சினுக்கு முன்னால், ரேடியேட்டர் மூடியின்மேல் காசை விளிம்பில் நிறுத்திக் காட்டுவது அக்காலத்தில் பெயர்பெற்ற காட்சி. அது ஊர் ஊராகப் பரவி, கடல் கடந்து, குளுவாங் தோட்டத்துக் கார் கொட்டகை வரைக்கும் வந்திருக்கிறது. அந்தக் காசு விழாமல் நிற்பதற்காக எத்தனை எஞ்சின் உடைந்தது, எத்தனை மைல் ஓடித்தீர்ந்தது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சங்கதி. விலையுயர்ந்த கார் என்றால் மெத்தென்ற இருக்கையும் பளபளக்கும் விளக்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 1900-க்குப் பிந்திய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிலைமை வேறு. கார் தொழிற்சாலை எஞ்சினையும் சட்டகத்தையும் மட்டும் செய்து கொடுக்கும். மேல்கூட்டை வேறொரு கூண்டுகட்டும் பட்டறை கட்டும். ஆகவே தொழிற்சாலை விற்றது இரண்டே பொருள்: ஓசையின்மை, நம்பகம். இவ்விரண்டில் நம்மைப் போன்ற தூரதேசத்தாருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

நம் ஜொகூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895 முதல் 1959 வரை ஆட்சி செய்த சுல்தான் இப்ராஹிம் மோட்டார் வண்டிகளில் பெரும் பற்றுக்கொண்டவர் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924-இல்தான் முறைப்படி திறக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு கார் இந்தக் கரைக்கு வரவேண்டுமானால் நீரிணையைப் படகில் ஏற்றித்தான் கடத்தவேண்டும். கார் நடுக்காட்டில் நின்றுபோனால் உதிரிப்பாகம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்திய சமஸ்தானத்து மகாராஜாக்களின் கதையும் இதுவே. பணம் இருந்தது, பட்டறை இல்லை. ஆகவே, "இந்த எஞ்சின் நடுவழியில் நிற்காது" என்பதை விற்பவன் வாயால் சொன்னால் போதாது, மெய்ப்பித்துக் காட்டவேண்டியிருந்தது.

சரி, எஞ்சின் ஏன் அதிர்கிறது? ஒரே சிலிண்டர் உள்ள எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தடவைதான் பெட்ரோல் ஆவி வெடிக்கிறது. அந்த ஒரு வெடியின் பலத்தில் மற்ற நேரமெல்லாம் சமாளிக்கிறது. உலக்கையால் நெல் குத்துவதுபோல் தடார், தடார் என்று அடி விழும். சிலிண்டர்களைக் கூட்டக் கூட்ட அடிகள் நெருக்கமாக விழும். ஆறு சிலிண்டர்களை வரிசையாக வைத்தால் ஒரு சுற்றுக்கு மூன்று வெடி. அதோடு ஒரு பிஸ்டன் மேலே போகையில் இன்னொன்று கீழே வந்து, ஒன்றன் ஆட்டத்தை மற்றொன்று சமன்செய்துவிடும். ஏட்டுக் கணக்குப்படி ஆறு சிலிண்டர் எஞ்சின் கிட்டத்தட்ட அதிரவே கூடாது.

இதை நம்பித்தான் இங்கிலாந்தில் நேப்பியர் கம்பெனியார் 1903, 1904 அளவில் ஆறு சிலிண்டர் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ரோல்ஸ் ராய்ஸ்காரர்களும் 1905-இல் முப்பது குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் காரைச் செய்தார்கள். கணக்குப் பொய்த்தது. குறிப்பிட்ட ஒரு வேகம் வந்தவுடன் எஞ்சின் முழுவதும் கடகடவென்று நடுங்கியது. நேப்பியர் கார்களை விற்ற எட்ஜ் என்பவர் கெட்டிக்கார வியாபாரி. அது குறையல்ல, எஞ்சினின் வலிமையால் எழும் ஓசை என்று சொல்லி, அந்த நடுக்கத்துக்குப் பெருமையான ஒரு பெயரும் வைத்துவிட்டார்! ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினிலோ சங்கதி ஓசையோடு நிற்கவில்லை. வாங்கியவர்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கிராங்க் தண்டு இரண்டாக முறிந்தது.

கிராங்க் தண்டு என்பது எஞ்சினின் முதுகெலும்பு. பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றித் தருவது அதுதான். கனத்த எஃகுத் தண்டு எப்படி முறியும்? ஈரத்துணியைப் பிழிவதை நினைத்துப் பாருங்கள். குட்டையான கைக்குட்டையை முறுக்குவது கடினம். நீளமான வேட்டியை எளிதாக முறுக்கலாம். ஆறு சிலிண்டருக்கான தண்டு நீளமானது. ஒவ்வொரு வெடியும் அதைக் கொஞ்சம் முறுக்கிவிடுகிறது; உடனே அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு முறுக்கம்தான். ஆனால் ஊஞ்சலில் பிள்ளையை வைத்து ஆட்டுகிறவர்களுக்குத் தெரியும்: ஊஞ்சல் திரும்பி வரும் சரியான தருணத்தில் சுண்டுவிரலால் தள்ளினாலே போதும், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். வெடிகளின் தாளமும் தண்டின் இயற்கையான ஆட்டத்தின் தாளமும் ஏதோ ஒரு வேகத்தில் ஒத்துப்போனால் முறுக்கம் பெருகிப் பெருகி, எஃகு களைத்துப்போய் முறிந்துவிடும். நேப்பியர் வண்டியின் கடகடப்பும் இந்த முறுக்கம்தான்.

இங்கே ஹென்றி ராய்ஸ் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1863-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் பத்திரிகை விற்றும் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தும் பிழைத்தவர். பிறகு மான்செஸ்டர் நகரில் மின்சாரப் பாரந்தூக்கிகள் செய்யும் தொழில் நடத்தினார். தாம் வாங்கிய பழைய பிரெஞ்சுக் காரின் கோளாறுகளைப் பொறுக்காமல், 1904-இல் தாமே ஒரு காரைச் செய்து ஓட்டினார். அதே ஆண்டு மே மாதம் சார்லஸ் ரோல்ஸ் என்ற செல்வரைச் சந்தித்தார். கூட்டுத் தொழில் பிறந்தது. ராய்ஸ் பெரிய கல்லூரியில் படித்தவர் அல்லர். ஆனால் உடைந்த பாகத்தை எறியாமல், எங்கே, எப்படி உடைந்தது என்று கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர். என் எண்ணத்தில், அந்தக் கம்பெனியின் முதல் பரிசோதனைச் சாலை அந்த உடைந்த தண்டுகள்தான்.

அடுத்த காரில் அவர் செய்த மாற்றங்கள் இவை. முன்பு இரண்டிரண்டாக மூன்று தொகுதியாயிருந்த சிலிண்டர்களை மும்மூன்றாக இரண்டு தொகுதியாக்கினார். தண்டின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்தன. தண்டைத் தடிப்பாக்கி, அதை ஏழு இடங்களில் பேரிங்குகள் தாங்குமாறு செய்தார். எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழாமல் அழுத்தத்துடன் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும்படி வழி அமைத்தார். பின்னர் தண்டின் முன்முனையில் ஒரு சிறு சக்கரத்தை உராய்வுத் தட்டுகளுக்கிடையில் பொருத்தும் வழக்கமும் வந்தது. தண்டு சீராகச் சுற்றும்போது சக்கரமும் கூடவே சுற்றும். தண்டு முறுகி நடுங்கத் தொடங்கினால் சக்கரம் அந்த நடுக்கத்துக்கு உடன்படாமல் சற்று வழுக்கும். அந்த உராய்வில் நடுக்கம் சூடாக மாறித் தணிந்துவிடும். டைம்லர் கம்பெனிக்கு ஆலோசகராயிருந்த லாங்செஸ்டர் என்ற மேதையும் இதே நோய்க்கு மருந்து தேடி, இத்தகைய ஒரு கருவிக்கு 1910-இல் காப்புரிமை பெற்றார்.

ராய்ஸின் புதிய எஞ்சின் 1906 நவம்பரில் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கொள்ளளவு 7,036 கன சென்டிமீட்டர். நம் சாலைகளில் ஓடும் சாதாரண 1.5 லிட்டர் கார்களில் நாலைந்தின் எஞ்சின்களை ஒன்றாகக் கூட்டினால் எவ்வளவோ, அவ்வளவு! ஆனால் அது கொடுத்ததோ ஏறத்தாழ 48 குதிரைத்திறன்தான். இன்றைக்குச் சிறிய காரும் அதைத் தாண்டிவிடும். திறனைப் பிழிந்தெடுக்க அவர்கள் முயலவில்லை. எஞ்சின் தன் முழு வேகத்திலும் நிமிடத்துக்கு 1,200 சுற்றையொட்டித்தான் சுழன்றது. அவசரமில்லாமல் ஓடுகிற எஞ்சின் ஓசையில்லாமலும் ஓடும்.

இனிச் சோதனைக்கு வருவோம். கம்பெனியின் நிர்வாகி கிளாட் ஜான்சன் 1907-இல் ஒரு காருக்கு வெள்ளி வண்ணம் பூசி, வெள்ளி முலாமிட்ட விளக்குகள் பொருத்தி, 'சில்வர் கோஸ்ட்' என்று பெயரிட்டார். வெள்ளி நிறத்தில் ஆவிபோல் ஓசையின்றிப் போவது என்று பொருள். அதை ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் காரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறித்துக்கொள்வார்கள். கார் 15,000 மைல் ஓடவேண்டும். ஸ்காட்லாந்து மலைச்சாலைகளில் நடந்த போட்டி ஒன்றும் இதில் அடக்கம். பிறகு லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவும் பகலும் போய்வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு.

629-ஆவது மைலில் கார் தானாக நின்றது. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. பெட்ரோல் குழாயின் திருகு சாலைக் குலுக்கலில் தானே மூடிக்கொண்டுவிட்டது. திறந்துவிட்டதும் கார் புறப்பட்டது. அதன் பிறகு 14,371 மைல், எந்தக் கோளாறாலும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. 15,000 மைல் என்பது ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்கு எழுபது தடவைக்கு மேல் போன தூரம். நம்முடைய நெடுஞ்சாலையில் அல்ல. தார் காணாத, குதிரை லாட ஆணிகள் சிதறிக்கிடந்த சாலைகளில்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஓட்டம் முடிந்ததும், காரைப் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததையெல்லாம் எழுதுங்கள் என்று கம்பெனியே கிளப்பைக் கேட்டுக்கொண்டது. எஞ்சினைக் கழற்றி அளந்தார்கள். பேரிங்குகளிலும் சிலிண்டர்களிலும் அளவிடத்தக்க தேய்மானம் இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் ஓரிரு முளைகள் போன்ற சில்லறைப் பாகங்கள்தான் தேய்ந்திருந்தன. எல்லாவற்றையும் புதிதுபோல் ஆக்க ஆன செலவு 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். விளம்பரத்துக்குச் சொன்ன வார்த்தைக்கும் வெளியார் அளந்து எழுதிய கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆனால் அந்த ஓட்டத்தின் மொத்தச் செலவில் பெரும்பங்கு எதற்குப் போயிற்று தெரியுமா? டயருக்கு. எஞ்சின் தேயவில்லை, ரப்பர் தேய்ந்து கிழிந்துகொண்டே இருந்தது. அந்த ஆண்டுகளில்தான் நம் நாட்டில் காட்டை அழித்துப் பால்மரம் நடும் வேலை வேகமெடுத்தது. 1910-இல் ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து விடியற்காலையில் மரம் சீவியதற்கும், லண்டன் சாலையில் யாரோ ஒரு பிரபுவின் கார் டயர் கிழிந்ததற்கும் நேரான தொடர்பு உண்டு. மோட்டார் வண்டியின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் வெளியாள் என்று நினைக்கவேண்டியதில்லை.

மறு ஆண்டே சோதனை ஆசியாவுக்கு வந்தது. 1908-இல் 'கிழக்கின் முத்து' என்ற பொருள்படும் பெயர் சூட்டிய ஒரு சில்வர் கோஸ்ட், பம்பாயிலிருந்து கோலாப்பூருக்கு நடந்த மோட்டார் பந்தயச் சோதனையில் இறங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள், புழுதி, கொதிக்கும் வெயில். மலையேற்றத்தில் எஞ்சினைக் குளிரச் செய்வதே பெரும்பாடு. இந்தப் பாட்டுக்கு ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் முன்னமே ஒரு வழி கண்டிருந்தார். 1901-இல் வந்த மெர்சிடிஸ் காரில் தேன்கூடுபோல் 8,070 சிறு குழல்களை அடுக்கி ரேடியேட்டர் செய்தார். குறைந்த தண்ணீரால் பெரிய எஞ்சினைக் குளிர்விக்க முடிந்தது. கோலாப்பூர்ச் சோதனையில் ரோல்ஸ் ராய்ஸ் வெற்றி பெற்றது. குவாலியர் மகாராஜா அந்தக் காரையே வாங்கிக்கொண்டார். இந்திய சமஸ்தானங்களில் அந்தப் பெயர் வேரூன்றியதற்கு இந்த ஓட்டம் ஒரு முக்கிய காரணம்.

எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கார் டைம்லர். அமெரிக்காவில் சார்லஸ் நைட் என்ற பத்திரிகைக்காரர், தம் காரின் வால்வுகள் போட்ட கடகடச் சத்தத்தை வெறுத்து, வால்வே இல்லாமல் சிலிண்டருக்குள் மேலும் கீழும் வழுக்கும் உறைகளை வைத்து ஓர் எஞ்சினைச் செய்தார். டைம்லர் அதை வாங்கிக்கொண்டது. உறை தேய்ந்துவிடும், சீக்கிரம் இறுகிவிடும் என்று எல்லாரும் கேலி பேசினார்கள். 1909-இல் டைம்லர் அதே கிளப்பிடம் போயிற்று. எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி, முழுப் பாரம் கொடுத்து 132 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள்; ஐந்தரை நாள் ஆகிறது. கிடைத்தது சராசரி 54 குதிரைத்திறன். அதே எஞ்சினைக் காரில் பூட்டி புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் ஏறத்தாழ 1,900 மைல் ஓட்டினார்கள். மறுபடி கழற்றி மேடையில் ஏற்றினார்கள். இந்தத் தடவை 57-க்கு மேல்! உழைத்து உழைத்து வலுக் கூடியிருந்தது. அவ்வாண்டின் டூவர் கோப்பை டைம்லருக்குக் கிடைத்தது. ஓசை மெய்யாகவே குறைவு. ஆனால் எண்ணெயைக் குடித்து நீலப்புகை விடும் பழக்கம் அந்த எஞ்சினை விட்டுப் போகவில்லை. பரீட்சையில் தேறியவன் குடும்பம் நடத்தத் திணறிய கதைதான்.

ரோல்ஸ் ராய்ஸுக்கும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. வெற்றியில் சற்று அசந்து, 1909-இல் நான்கு கியர்களை மூன்றாகக் குறைத்திருந்தார்கள். எஞ்சினுக்குப் பலம் அதிகம், கியர் எதற்கு என்ற எண்ணம். 1912-இல் ஜேம்ஸ் ராட்லி என்பவர் தம் சொந்தக் காரை ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப் போட்டிக்குக் கொண்டுபோனார். கட்ஷ்பெர்க் என்ற செங்குத்தான ஏற்றத்தில் நின்ற கார் மறுபடி புறப்பட மறுத்தது. பயணிகளை இறக்கிவிட்ட பிறகே நகர்ந்தது. உலகின் மிகச்சிறந்த கார் என்று விளம்பரம் செய்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! மறு ஆண்டு, நான்கு கியர்களுடன் திரும்பிப் போய் அதே மலைகளில் பரிசுகளை வென்றார்கள். அந்தக் கார்களில் ஒன்றை ஓட்டியவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ். 1908-இல் கம்பெனியில் சேர்ந்து சோதனைப் பிரிவின் தலைவராக உயர்ந்தவர். பிற்காலத்தில் போர்விமானங்களைப் பறக்கவிட்ட மெர்லின் எஞ்சின் உருவான காலத்தில் தொழிற்சாலையை நடத்தியவரும் அவரே. உடையும்வரை ஓட்டு, உடைந்ததைத் திருத்து, மறுபடி ஓட்டு என்ற காரோட்டியின் வழக்கத்தை அவர் ஆகாயத்துக்கும் கொண்டுபோனார்.

டெர்பி நகரத் தொழிற்சாலையில் ராய்ஸ் அமைத்த ஆட்டுமேடையையும் சொல்லிவிடுகிறேன். மேடு பள்ளமான சக்கரங்களின்மேல் காரின் சட்டகத்தை நிறுத்திக் கட்டிவிட்டுச் சக்கரங்களைச் சுழலவிடுவார்கள். கார் நின்ற இடத்திலேயே மோசமான சாலையில் போவதுபோல் குதித்துக் குலுங்கும். சாலையில் பல மாதத்தில் தெரியவரும் பலவீனம் இங்கே சீக்கிரமே தெரிந்துவிடும். இன்று பெரிய கார் தொழிற்சாலைகளில் இருக்கும் குலுக்கும் மேடைகளுக்கு இது ஒரு மூதாதை. ஓசையைக் கண்டுபிடிக்க அங்கே வைத்தியரின் காதுக்குழல் வைத்திருந்தார்கள். நம்மூர் மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்கிறாரே, அதே வித்தைதான்.

நேயர்களே, உங்கள் வீட்டில் கார் இருந்தால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, முன்மூடியைத் திறந்து பாருங்கள். பெல்ட் ஓடுகிற பெரிய கப்பி ஒன்று கிராங்க் தண்டின் முனையில் இருக்கும். பல கார்களில் அந்தக் கப்பி ஒரே துண்டாக இராது. உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு ரப்பர்ப் பட்டை. நூறு ஆண்டுக்கு முன் உராய்வுத் தட்டுகள் செய்த வேலையை அந்த ரப்பர்ப் பட்டை செய்கிறது. தண்டின் முறுக்கத்தைத் தணிக்கிறது. அது வெடித்தோ பிதுங்கியோ இருந்தால், அல்லது வெளி வளையம் கோணலாகச் சுற்றுவதாகத் தெரிந்தால், அடுத்த முறை எண்ணெய் மாற்றப் போகும்போது மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மூடியின்மேல் பத்துக் காசை நிறுத்திப் பார்ப்பதும் உங்கள் விருப்பம்.